மோட்டார் நின்ற பிறகு தண்ணீர் எங்கே போகும்?

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கண்ணாடி மீன் தொட்டி. கீழே அலமாரிக்குள் 3 அடி நீளம், 1 அடி அகலத்தில் சம்ப், அதாவது ஃபில்டரும் மோட்டாரும் இருக்கும் கீழ்த் தொட்டி. தொட்டியின் பின்மூலையில் மேல்தண்ணீர் வழிந்து விழும் ஓவர்ஃப்ளோ பெட்டி, அதன் அடியில் 1 இன்ச் ஓட்டை இரண்டு. ஒன்றில் தண்ணீர் இறங்குகிறது, இன்னொன்றில் மோட்டார் ஏற்றுகிறது. முதல் ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்கு அடியில் சொட்டு. இரண்டாவது ஞாயிறு குழாய் திரும்பும் எல்போ இணைப்பில் கசிவு. மூன்றாவது வாரம் எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தபோது ராத்திரி கரண்ட் போய், காலையில் ஹாலில் 20 லிட்டர் தண்ணீர். பக்கத்து அறையில் தூங்க முடியாத அளவுக்குக் குழாய்ச் சத்தம் வேறு. வீட்டில் "வித்துடலாம்" என்கிறார்கள். "இந்த வேலை எனக்கு வராதா, விட்டுவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விட வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கு தொல்லைகளுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது, நான்குமே கண்டுபிடிக்கக்கூடியவை. புதுத் தொட்டி வேண்டாம், புது சம்பும் வேண்டாம். குழாய் வேலையை மட்டும் ஒருமுறை பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டும். நாம் எல்லோரும் மோட்டார் ஓடும்போது தண்ணீர் எப்படிச் சுற்றும் என்று யோசித்துத்தான் குழாய் போடுகிறோம். ஆனால் மோட்டார் நிற்கும் அந்த நொடியை முதலில் யோசித்து, அங்கிருந்துதான் மற்றதையெல்லாம் தொடங்க வேண்டும்.

அந்த ராத்திரி என்ன நடந்தது என்பதை உங்கள் அளவுகளே சொல்லிவிடுகின்றன. தொட்டியின் மேற்பரப்பு 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். அப்படியென்றால் தொட்டியில் 1 செ.மீ. உயரத் தண்ணீர் என்பது 5.4 லிட்டர். மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாயை நீர்மட்டத்துக்குக் கீழே 4 இன்ச், அதாவது சுமார் 10 செ.மீ. ஆழத்தில் வைத்திருக்கிறீர்கள். மோட்டார் நின்றதும் அந்தக் குழாய் சைஃபனாக மாறிவிடும். மேலே தள்ளிய அதே வழியில் தண்ணீர் கீழே இறங்கும், குழாயின் வாய் காற்றைத் தொடும் வரை நிற்காது. 10 செ.மீ. என்றால் 54 லிட்டர். சம்பில் 1 செ.மீ. உயரம் 2.7 லிட்டர்தான் பிடிக்கும். நீங்கள் விட்டிருந்த காலி இடம் 5 இன்ச், அதில் அடங்குவது 34 லிட்டர். மீதி 20 லிட்டர் ஹாலுக்கு வந்துவிட்டது. குழாய் எதுவும் உடையவில்லை, யாரும் எதையும் தப்பாக ஒட்டவில்லை. அந்த வாய் 4 இன்ச் ஆழத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அதே வாயை மேற்பரப்பிலிருந்து 2 செ.மீ. ஆழத்துக்குத் தூக்கிவிட்டால் திரும்பி வருவது 11 லிட்டர். குழாயிலும் பெட்டியிலும் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து 14 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்பில் அது 5 செ.மீ. ஏறி நின்றுவிடும். இப்போது இருக்கும் காலி இடத்தில் பாதிகூட நிறையாது.

"நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டால் போதும்" என்று கடையில் சொல்லியிருப்பார்கள். தண்ணீரை மேலே மட்டும் விட்டு, திரும்பி இறங்காமல் மூடிக்கொள்ளும் வால்வு அது. அதை நம்பித் தூங்கப் போகாதீர்கள். என் முதல் 4 அடித் தொட்டியில் அதைத்தான் நம்பியிருந்தேன். எட்டு மாதம் ஒழுங்காக வேலை செய்தது. ஒன்பதாவது மாதம் ஒரு சின்னச் சுருள் நத்தை அதன் மூடித் தகட்டில் போய் மாட்டிக்கொண்டது. அரிசி மணி அளவு ஓடுதான், ஆனால் தகடு முழுதாக மூடவில்லை. கரண்ட் போன அந்த விடியற்காலை தண்ணீர் மெதுவாக இறங்கி அலமாரியின் அடிப்பலகையை ஊறவைத்துவிட்டது. ப்ளைவுட் ஊதிப்போய்க் கதவு மூடாமல் போனது. குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 3 மி.மீ. ஓட்டை போட்டுவைப்பதும் நல்ல பழக்கம்தான். சைஃபன் அங்கே காற்றை இழுத்து அறுந்துவிடும். ஆனால் பாசி அந்த ஓட்டையையும் அடைக்கும். வால்வு போடுங்கள், ஓட்டையும் போடுங்கள், ஆனால் இரண்டும் வேலை செய்யாமல் போனாலும் சம்ப் தாங்கும்படி அளவு வையுங்கள்.

சரி, அடுத்தது கசிவுகள்.

எல்போவில் கசிந்ததைப் பற்றி எழுதும்போது, "குழாய் கொஞ்சம் லூஸாக இருந்தது, சொல்யூஷனை நிறையப் பூசி ஒட்டினோம்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். விஷயம் அந்த வரியில்தான் இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் "1 இன்ச் பைப்" என்று கேட்டால் மூன்று விதமான குழாய் கைக்கு வரும். வீட்டுத் தண்ணீர் வேலைக்கான வெள்ளை யூ.பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. தோட்டத்துக்கும் வயலுக்கும் போகும் சாம்பல் நிற பி.வி.சி.யில் 1 இன்ச் என்று பேச்சுவழக்கில் சொல்வது 32 மி.மீ. சுடுதண்ணீருக்கான சந்தன நிற சி.பி.வி.சி. 28.6 மி.மீ. மூன்றுக்கும் வாயில் ஒரே பெயர். உங்களுக்கு வேலை செய்தவர் வேறு எங்கோ மிச்சமான சாம்பல் குழாயை வெள்ளை எல்போவில் சொருகியிருக்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, கைக்கு ஆட்டமாகத் தெரியும். சொல்யூஷன் பசை மாதிரி இடைவெளியை நிரப்புவதில்லை. குழாயின் மேல்தோலையும் எல்போவின் உள்தோலையும் இளக்கி ஒன்றாக்குகிறது. இரண்டும் இறுகத் தொட்டால்தான் ஒன்றாகும். தொடாத இடத்தில் எவ்வளவு பூசினாலும் காய்ந்து சுருங்கி வழி விடும்.

கடைக்குப் போகும்போது தொட்டியின் ஓட்டையில் குழாயை இணைக்கும் உங்கள் டேங்க் நிப்பிளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். குழாய், எல்போ, யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு), வால்வு எல்லாவற்றையும் ஒரே வகையில், முடிந்தால் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். அங்கேயே சொருகிப் பாருங்கள். சொல்யூஷன் இல்லாமல் குழாய் பாதியிலிருந்து முக்கால் பங்கு ஆழம் வரை போய் இறுகி நிற்க வேண்டும். அடிவரை வழுக்கிக்கொண்டு போனால் அது வேறு அளவு. மரை வைத்த இணைப்புகளில் பித்தளை பதித்தவற்றைத் தவிர்த்து முழுக்க பிளாஸ்டிக்கில் இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். பித்தளையிலிருந்து கரையும் செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் ஆகாது.

ஒட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அவசரத்தில் கெட்டுப்போவது இங்கேதான். ஹேக்ஸா பிளேடால் நேராக அறுத்ததும் வெட்டுவாயில் நூல் நூலாகப் பிசிறு தொங்கும். உள்ளேயும் வெளியேயும் அதைக் கத்தியால் சுரண்டிவிட்டு, உப்புத்தாளால் ஓரத்தை லேசாகச் சரித்துவிடுங்கள். பிசிறோடு சொருகினால் அது சொல்யூஷனை வழித்துத் தள்ளிக்கொண்டே போகும், அந்தத் தடம் கசிவுக்குப் பாதையாகும். இணைப்பு எவ்வளவு ஆழம் என்று அளந்து குழாயில் மார்க்கரால் கோடு போடுங்கள். இரண்டு பக்கமும் மெல்லிய பூச்சு. உடனே சொருகி, கால் சுற்றுத் திருப்பி, கோடு வரை அழுத்தி, 30 எண்ணும் வரை விடாமல் பிடியுங்கள். விட்டால் குழாய் தானாகவே ஒரு நூல் அளவு வெளியே வரும். பல பேருக்கு இது தெரியாது. காலையில் பார்த்தால் இணைப்பு நன்றாகத்தான் இருக்கும், உள்ளே பாதி ஆழம்தான் பிடித்திருக்கும்.

இன்னொன்று. காய்ந்த நிலையில் சொருகிப் பார்த்து அளவெடுத்தால், ஒட்டும்போது குழாய் இன்னும் உள்ளே போகும், மொத்த நீளம் குறைந்துவிடும். ஒவ்வொரு இணைப்பிலும் அரை சென்டிமீட்டர் போனால்கூட நாலு இணைப்பில் 2 செ.மீ. அப்புறம் கடைசி எல்போ நிப்பிளுக்கு நேராக வராது, இழுத்து மாட்ட வேண்டிவரும். அந்த இழுவை முழுவதும் கண்ணாடியின் மேல் விழும். ஆகவே கோடு வரை உள்ளே போகும் என்று கணக்கிட்டே வெட்டுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், சொல்யூஷனின் ஆவி தலைவலி தரும்.

தொட்டிக்கு அடியில் சொட்டியது வேறு கதை. நிப்பிளின் ரப்பர் வாஷர் நட்டுப் பக்கம் இருந்ததாகவும், சுற்றி சிலிக்கான் பூசியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு வாஷர் வரும் நிப்பிளில் அது அகலமான விளிம்பின் பக்கம், தொட்டிக்கு உள்ளே, தண்ணீர் இருக்கும் பக்கம் இருக்க வேண்டும். நட்டுப் பக்கம் வைத்தால் தண்ணீர் மரை வழியாகவே இறங்கி வந்துவிடும், வாஷருக்கு அங்கே வேலையே இல்லை. சிலிக்கான் கண்ணாடியை நன்றாகப் பிடிக்கும், பி.வி.சி.யைப் பிடிக்காது, நகத்தால் உரித்தால் தோல் மாதிரி வந்துவிடும். எல்லாவற்றையும் பிளேடால் சுத்தமாக எடுத்துவிட்டு, வாஷரை இடம் மாற்றி, கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். பெரிய ஸ்பானர் போட்டு இறுக்காதீர்கள். அடிக்கண்ணாடியில் ஓட்டையைச் சுற்றி விரிசல் விழுவது அப்போதுதான். சில நிப்பிள்களில் மரை எதிர்த்திசையில் இருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சத்தம். உங்கள் தொட்டியில் இருக்கும் இரண்டு ஓட்டைகள் ஒரு நல்ல வாய்ப்பு. கொடகொடவென்று கேட்பது குழாய்க்குள் தண்ணீரும் காற்றும் கலந்து விழும் சத்தம். காற்று உள்ளே வராமல் குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்து இறங்கினால் சத்தமே இருக்காது. அதனால் ரிட்டர்ன் குழாயை ஓட்டை வழியாகக் கொண்டுபோகாமல் தொட்டியின் பின்விளிம்புக்கு மேலாக வளைத்து இறக்குங்கள். இரண்டு ஓட்டைகளையும் தண்ணீர் இறங்குவதற்கே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று எப்போதும் ஓடும் குழாய், சம்புக்கு மேலே அதில் ஒரு வால்வு. இன்னொன்று அவசரக் குழாய், அதில் வால்வு எதுவும் இருக்கக் கூடாது. பெட்டிக்குள் அவசரக் குழாயின் வாய், ஓடும்போது இருக்கும் நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. மேலே நிற்கட்டும். மோட்டாரைப் போட்டுவிட்டு வால்வைச் சிறிது சிறிதாக மூடிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் காற்று உறிஞ்சும் சத்தம் சட்டென்று நின்று, பெட்டிக்குள் தண்ணீர் ஏறி அசையாமல் நிற்கும். அந்த இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். இதற்குக் கால் சுற்றிலேயே திறந்து மூடும் பால் (ball) வால்வைவிட, பல சுற்றுகளில் மெல்ல மூடும் கேட் (gate) வால்வு நல்லது. பால் வால்வில் ஒரு மயிரிழை திருப்பினாலே அதிகமாகிவிடும், பொறுமை போய்விடும். நிறைந்து ஓடும் 1 இன்ச் குழாய், உங்கள் தொட்டிக்கு வேண்டிய மணிக்கு 1,200 முதல் 1,500 லிட்டரைத் தாராளமாக இறக்கிவிடும்.

ஓடும் குழாயின் கீழ்முனை சம்பின் தண்ணீருக்குள் 2 செ.மீ. மட்டும் முங்கியிருக்கட்டும். ஆழமாக முங்கினால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் உள்ளே மாட்டிய காற்று வெளியேற முடியாமல் ஏப்பம் விடுவது போலக் குமுறும். அவசரக் குழாயின் கீழ்முனை தண்ணீரைத் தொடாமல் நிற்கட்டும். என்றைக்காவது அதில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால், மற்றக் குழாயில் ஏதோ அடைத்திருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரிந்துவிடும்.

மோட்டாரைப் பற்றிப் பயப்படாதீர்கள். அட்டைப்பெட்டியில் மணிக்கு 3,000 லிட்டர் என்று போட்டிருப்பது உயரமே ஏற்றாத கணக்கு. நாலு அடி ஏற்றி, மூன்று எல்போ தாண்டிவரும்போது ஏறக்குறைய பாதிதான் வரும். உங்கள் தொட்டிக்கு அது சரியான அளவு.

யூனியன் போடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு குழாயிலும் ஒன்று அவசியம்: நிப்பிளுக்கு அடியில் ஒன்று, மோட்டாருக்கு மேலே ஒன்று. யூனியன் இருந்தால் கசிவு என்பது கழற்றி மாட்டும் வேலை. இல்லையென்றால் ஒரு எல்போ கசிந்தாலும் முழுக்குழாயையும் அறுக்க வேண்டும். மூன்று வாரமாக உங்களை வாட்டியதில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒட்டி முடித்து ஒரு நாள் காயவிட்ட பிறகு, மீன் இல்லாமல், செடி இல்லாமல், வெறும் தண்ணீரில் ஓட்டுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் பழைய செய்தித்தாள் ஒரு துண்டு விரித்துவையுங்கள். கையால் தடவினால் தெரியாத கசிவு, காலையில் தாளில் வட்டமாக நனைந்த தடமாகத் தெரியும். எந்த இணைப்பு என்று யோசிக்கவே வேண்டாம். அப்புறம் நீங்களாகவே, பகலில், கையில் துணியோடு பக்கத்தில் நின்றுகொண்டு, சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் சம்பில் ஏறி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கும்படி தண்ணீரைக் குறைத்தோ கூட்டியோ சரிசெய்யுங்கள். திரும்ப மோட்டாரைப் போட்டு, ஓடும்போது மட்டம் எங்கே வந்து நிற்கிறதோ அங்கே சம்பின் வெளிப்பக்கம் கோடு போடுங்கள். இனி யார் தண்ணீர் ஊற்றினாலும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. கடைசியாக, ஓடும் குழாயின் வால்வை முழுதாக மூடிவிடுங்கள். அவசரக் குழாய் தனியாகவே எல்லாவற்றையும் இறக்க வேண்டும். இந்தச் சோதனையை இரண்டு மூன்று முறை செய்து பார்த்த பிறகு கரண்ட் போவதை நினைத்துத் தூக்கம் கெடாது.

தொட்டிக்கு ஓட்டை போடாமல் விளிம்பில் மாட்டும் சைஃபன் பெட்டி வாங்கலாமா என்று கேட்டீர்கள். உங்களிடம் ஓட்டை இருக்கிறது, அந்தப் பக்கமே போக வேண்டாம். கரண்ட் நின்று அதன் சைஃபன் அறுந்துபோனால், திரும்பக் கரண்ட் வரும்போது மோட்டார் ஏற்றும், இறங்க வழி இருக்காது.

ஒன்று கட்டாயம் கேட்க வேண்டும். ஹாலில் தண்ணீர் நின்ற அன்று ராத்திரி உங்கள் ஸ்பைக் பஸ்டர் எங்கே இருந்தது? அலமாரியின் தரையில் என்றால் இன்றைக்கே எடுத்து, சம்பின் விளிம்பைவிட உயரத்தில் பக்கவாட்டில் திருகி மாட்டுங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்கு வருமுன் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அந்த லைனில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், கையைத் தண்ணீருக்குள் விடுமுன் எப்போதும் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

மனச் சோர்வைப் பற்றிக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். மூன்று வாரமும் ஞாயிறு மத்தியானம் தொடங்கி, சாயங்காலம் ஒரு கப்ளர் குறைந்து, கடை மூடியிருக்க, இருப்பதை வைத்து எப்படியாவது முடித்துவிடலாம் என்று ஒட்டியிருக்கிறீர்கள். எனக்கும் இதே அனுபவம் உண்டு, களைத்த கையோடு ஒட்டிய இணைப்புகள்தான் பிறகு கசிந்தன. அடுத்த முறை சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். எல்போ இரண்டு, கப்ளர் இரண்டு, எண்ட் கேப் ஒன்று கூடுதலாக வாங்கிவையுங்கள். ஏதாவது தடைப்பட்டால் எண்ட் கேப்பை மாட்டிவிட்டு அன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாம். வெட்டுவதையும் உரசுவதையும் பால்கனியில் வைத்துக்கொண்டால் ஹால் வீட்டாருக்கு ஹாலாகவே இருக்கும். அவர்களுக்கு மீன் மேல் கோபம் இல்லை, தினமும் ஈரத் துணி பிழிவதில்தான் அலுப்பு.

அப்புறம், மூன்று வாரம் வீணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தொட்டி முதல் நாளே கசியாமல் ஓடியிருந்தாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் மீன் விட முடியாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர அவ்வளவு நாளாகும். அவை தண்ணீரில் அதிகம் இல்லை, ஃபில்டருக்குள் இருக்கும் செராமிக் வளையங்களிலும் ஸ்பாஞ்சிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. ஆகவே குழாய் வேலை முடியக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு பெரிய பக்கெட்டில் குளோரின் நீக்கிய தண்ணீர் நிரப்பி, வளையங்களையும் ஸ்பாஞ்சையும் அதில் போட்டு, ஏர் பம்ப் ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டுவாருங்கள். நீங்கள் குழாயைப் பிரித்து ஒட்டிக்கொண்டிருக்கும்போது அது பக்கத்தில் தயாராகிக்கொண்டிருக்கும். தொட்டித் தண்ணீரை எத்தனை முறை கொட்டினாலும் அதற்குப் பாதிப்பு இல்லை.

உங்கள் மகள் மீன் எப்போது வரும் என்று கேட்பதாக எழுதியிருந்தீர்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டி, அது ஒரு வாரம் மாறாமல் நின்ற பிறகு. முதலில் ஆறே ஆறு ஜீப்ரா டானியோ போதும், மற்றவை இரண்டு வாரம் கழித்து வரட்டும். விடும் நாளில் மோட்டாரை ஒரு மணி நேரம் நிறுத்திவையுங்கள். புது இடத்தில் மிரண்ட மீன் ஓவர்ஃப்ளோ பெட்டியின் பக்கம் ஒதுங்கும். பெட்டியின் சீப்புப் பற்களுக்கு மேல் பிளாஸ்டிக் வலை ஒரு துண்டு கட்டிவிடுங்கள், இல்லையென்றால் சின்ன மீன்கள் அந்த இடைவெளியில் நழுவிச் சம்புக்கு வந்துவிடும். வலையை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். அந்த வேலையை மகளிடமே கொடுத்துவிடலாம்.